மூணாவது ஓட்டை

கார்த்திகை தீபத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி ஊருக்குப் போயிருந்தேன். திருவண்ணாமலைக்காரனுக்குத் தீபாவளிக்கு லீவு கிடைக்கலைன்னாகூடப் பரவாயில்லை, தீபத்துக்கு ஊரில் இருந்தே ஆகணும். ஆபீஸ் ஆணிகளை எல்லாம் அப்படியே போட்டுவிட்டு, மழையில் நனைஞ்சு பஸ் பிடிச்சு வீட்டுக்குள்ள நுழைஞ்சா, அம்மா காபிக்கு முன்னாடி சொன்ன விஷயம் இதுதான்:

"சமையக்கட்டு பிளக் பாயிண்ட் கருகிப்போச்சுடா. ஒயர்மேன் தீபம் முடிஞ்சுதான் வருவேன்றாரு. நீ இன்ஜினியர்தானே, என்னன்னு பாரேன்."

நான் கம்ப்யூட்டர் இன்ஜினியர். கரண்டுக்கும் எனக்கும் இருக்கிற சம்பந்தம் முதல் வருஷம் படிச்ச பேசிக் எலக்ட்ரிகல் லேப் மட்டும்தான். அதிலயும் ரெக்கார்டு நோட்டு பக்கத்து பெஞ்சுலேர்ந்து காப்பி :-)

கருகினதுக்குக் காரணம் யாருன்னு தேடினா, அது நான்தான். போன தடவை வந்தப்ப 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஒண்ணு வாங்கிக் கொடுத்திருந்தேன். அதோட பெரிய பிளக் சமையக்கட்டு சின்ன பாயிண்ட்ல போகாது. உடனே கடைக்குப் போய் ஒரு கன்வெர்ட்டர் வாங்கிச் சொருகி, "இப்ப போடும்மா"ன்னு சொல்லிட்டு பெங்களூர் பஸ் ஏறிட்டேன். 2000ஐ 230ஆல வகுத்தா 8.7 ஆம்பியர். அந்தப் பாயிண்ட் 5 ஆம்பியருக்குச் செஞ்சது. அது இத்தனை மாசம் தாங்கினதே பெரிசு.

கிரைண்டரும் அதே பாயிண்ட்லதான் ஓடும். சின்ன வயசுலேர்ந்து பார்த்த காட்சி ஒண்ணு உண்டு. அம்மா கிரைண்டர் போடும்போது ஒரு மரப்பலகை மேல ஏறி நிப்பாங்க. கேட்டா, "மழைக்காலத்துல லேசா கடிக்கும்டா, பலகை போட்டா ஒண்ணும் பண்ணாது." எங்க தெருவுல பாதி வீட்டுல இந்தப் பலகை உண்டு. எனக்கு அது விசித்திரமாவே பட்டதில்லை.

மெயினை அணைச்சுட்டு போர்டைக் கழட்டிப் பார்த்தேன். சிவப்பு ஒயர் ஒண்ணு, கறுப்பு ஒயர் ஒண்ணு. மேல இருக்கிற பெரிய ஓட்டைக்குப் பின்னாடி இருக்கிற திருகாணியில் ஒண்ணுமே இல்லை. துரு கூடப் பிடிக்காம, ஃபேக்டரியில வச்ச மாதிரியே இருந்தது. வீடு கட்டின நாள்லேர்ந்து அதுல யாரும் கை வைக்கலை. மத்த ரூம்ல எல்லாம் கழட்டிப் பார்த்தா, எல்லாத்துலயும் அதே கதை. மூணு ஓட்டை, ரெண்டு ஒயர்.

அப்ப அந்த மூணாவது ஓட்டை எதுக்கு? அது எங்கேர்ந்து வந்தது, நம்ம வீட்டுக்கு வரும்போது ஏன் காலியா வந்தது? அன்னைக்கு ராத்திரி முழுக்கத் தேடிப் படிச்சதுதான் இந்தப் பதிவு.

முதலில் விளக்கு மட்டும்தான்

எடிசன் நியூயார்க்கின் பேர்ல் ஸ்ட்ரீட்டில் மின்நிலையம் தொடங்கியது 1882ல். அப்போது மின்சாரம் என்றால் விளக்கு. வீட்டில் பல்பு மாட்டும் ஹோல்டர் இருக்கும், சுவரில் பிளக் பாயிண்ட் என்று எதுவும் கிடையாது. விசிறியோ இஸ்திரிப்பெட்டியோ வந்தபோது, பல்பைக் கழற்றிவிட்டு அந்த ஹோல்டரில்தான் மாட்டினார்கள். 1904ல் ஹார்வி ஹப்பெல் என்ற அமெரிக்கர், பல்பு ஹோல்டரில் திருகி வைத்துவிட்டு தேவைப்படும்போது பிடுங்கிக்கொள்ளக்கூடிய பிளக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அதிலும் ரெண்டே கால்தான்.

நம்ம பக்கம் பார்த்தால், சென்னையில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்தது 1895ல். மெட்ராஸ் எலக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் 1906ல் உருவானது. பேசின் பிரிட்ஜில் மின்நிலையம் வைத்து நகரத்துக்கு கரண்ட் கொடுத்தார்கள். அது பிரிட்டிஷ் கம்பெனி என்பதால் பிளக், ஒயர், கலர் எல்லாமே பிரிட்டிஷ் பழக்கம். இன்றைக்கும் நம் எலக்ட்ரீசியன்கள் கடையில் "மூணு இருபது ஒயர் கொடுங்க", "ஏழு இருபது கொடுங்க" என்று கேட்பது அந்தக் காலத்து பிரிட்டிஷ் கேஜ் கணக்குதான். 20ஆம் நம்பர் கம்பி மூன்று சேர்த்து முறுக்கினால் 3/20. ஏறக்குறைய 2 சதுர மில்லிமீட்டர்.

ரெண்டு கால் பிளக்கில் என்ன பிரச்சனை? பல்பு ஹோல்டரை யாரும் கையால் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. இஸ்திரிப்பெட்டி, கெட்டில், ஹீட்டர் எல்லாம் இரும்பு உடம்பு. உள்ளே ஒயரின் உறை தேய்ந்து உடம்பில் பட்டால், பெட்டி முழுக்க 230 வோல்ட். ஆனால் பெட்டி பாட்டுக்கு சூடாகிக்கொண்டுதான் இருக்கும், வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. தொடுகிற மனுஷன் வழியாகத்தான் கரண்ட் தரைக்குப் போகும்.

அதற்குத்தான் மூணாவது ஒயர். இரும்பு உடம்பை நேரடியாக பூமியோடு கட்டிவிடுவது. கசிகிற கரண்ட் மனுஷனை விட்டுவிட்டு அந்த ஒயர் வழியாக மண்ணுக்குப் போகும்.

அந்த குண்டு கால்

பிரிட்டனில் 1934ல் பி.எஸ். 546 என்ற தரநிர்ணயம் வந்தது. 2, 5, 15, 30 ஆம்பியர் என்று நாலு அளவில் மூன்று உருண்டைக் கால் வைத்த பிளக்குகள். இன்றைக்கு உங்கள் வீட்டில் இருக்கும் சின்ன பாயிண்டும் பெரிய பாயிண்டும் இதிலிருந்து வந்த 5ம் 15ம்தான்.

அந்த வடிவமைப்பை ஒரு புரோகிராமராகப் பார்த்து ரசித்தேன். எர்த் கால் மற்ற ரெண்டைவிடக் குண்டு. 5 ஆம்பியர் பிளக்கில் மற்ற கால்கள் 5.08 மில்லிமீட்டர், எர்த் கால் 7.06. அதனால் தப்பித் தவறிக்கூட அதைக் கரண்ட் ஓட்டையில் சொருக முடியாது. நீளமும் அதிகம். சொருகும்போது எர்த் முதலில் சேரும், பிடுங்கும்போது கடைசியில் விடும். கரண்ட் வந்து நிற்கிற எந்த நொடியிலும் எர்த் இல்லாமல் இருக்காது. எர்ரர் ஹேண்ட்லிங்கை ஒரு பித்தளைக் காலின் நீளத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்!

அப்புறம் இன்னொரு விஷயம். நம் வீடுகளில் 15 ஆம்பியரை "பவர் பாயிண்ட்" என்கிறோம். (ஆபீஸ் பவர்பாயிண்ட் இல்லை, அது வேற கொடுமை.) அந்தக் காலத்தில் பல ஊர்களில் விளக்குக்கு ஒரு கட்டணம், அடுப்பு மோட்டாருக்கு வேறு கட்டணம். வீட்டுக்குள் லைட் லைன் தனி, பவர் லைன் தனி. அந்தக் கட்டண முறை போய்விட்டது, பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பின்னாளில் 5ம் 15ம், 6ம் 16ம் ஆகிவிட்டன. பாயிண்ட்டின் மேல் அப்படித்தான் அச்சடித்திருக்கும், வாயில் வருவது இன்னும் 5ம் 15ம்தான்.

பிரிட்டன் மாறியது, நாம் மாறவில்லை

இரண்டாம் உலகப்போர் நடக்கும்போதே, முடிந்தபிறகு கட்டப்போகும் வீடுகளுக்கு எப்படி ஒயரிங் செய்வது என்று பிரிட்டனில் ஒரு குழு உட்கார்ந்தது. அதில் இருந்த ஒரே பெண் கரோலின் ஹேஸ்லெட். மின்சாரத்தால் வீட்டுப் பெண்களின் உழைப்பைக் குறைக்கணும் என்று இயக்கமே நடத்தியவர். 1944ல் அறிக்கை வந்தது, 1947ல் அதிலிருந்து பி.எஸ். 1363 பிறந்தது. சிங்கப்பூர், மலேசியா போனவர்கள் பார்த்திருப்பீர்கள், சதுரக் கால் பிளக். அதில் பிளக்குக்குள்ளேயே ஃப்யூஸ், எர்த் கால் உள்ளே போனால்தான் திறக்கும் ஷட்டர். சின்னப் பிள்ளை கம்பியை விட்டாலும் போகாது.

அதே 1947ல் நாம் சுதந்திரம் வாங்கினோம். இந்தியத் தரநிர்ணய நிறுவனமும் அந்த வருஷம்தான் தொடங்கியது, பழைய ஐ.எஸ்.ஐ. முத்திரை அவர்களுடையது. மெட்ராஸ் கம்பெனியை அரசு எடுத்துக்கொண்டதும் 1947தான். ஆனால் பிளக்கில் மட்டும் பழைய உருண்டைக் காலையே வைத்துக்கொண்டோம். நம்முடைய ஐ.எஸ். 1293, பி.எஸ். 546ன் வாரிசு.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. உருண்டைக் கால் நல்ல பிளக்தான். பிளக்கை எடுத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் இருக்கவேண்டிய எர்த்தைப் பாதி வீடுகளில் விட்டுவிட்டோம். அதுதான் எங்கள் வீட்டுப் போர்டில் நான் பார்த்த காலித் திருகாணி.

எர்த் ஏன் வரலை?

பைக்காரா நீர்மின்நிலையம் 1932ல் ஓட ஆரம்பித்தது, மேட்டூர் 1937ல். 1957ல் மின்வாரியம் அமைந்தபிறகு கம்பிகள் கிராமம் கிராமமாகப் போயின. வீட்டுக்கு வந்தது ஒரு பல்பு, பின்னாடி ஒரு ஃபேன். ரெண்டு ஒயர் போதும். மூணாவது ஒயர் இழுத்து, வீட்டுக்குப் பின்னாடி குழி தோண்டி, இரும்புக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு நிரப்பி... யார் செய்வார்கள்? பல்பு எரிகிறது, அப்புறம் என்ன?

பழைய 1956 மின்சார விதிகளில் 33ஆவது விதி, சப்ளை கொடுப்பவரே நுகர்வோர் இடத்தில் எர்த் முனை ஒன்று வைத்துத் தரணும் என்றது. எங்கள் பக்கம் நடைமுறையில் குழி தோண்டுவது வீட்டுக்காரர் பொறுப்புதான். அவர் கையில் காசு தீர்ந்துபோகும் கட்டத்தில்தான் ஒயரிங் வேலையே வரும்.

இதற்கு நடுவில் இரும்பு உடம்புகள் வந்தன. கோயம்புத்தூரில் 1955ல் கிரைண்டர் வந்தது, மெல்ல மெல்ல எல்லா வீட்டுக்கும் போனது. 2006லேர்ந்து அரசு கலர் டிவி, 2011லேர்ந்து மிக்சி, கிரைண்டர், ஃபேன். ஆட்டுக்கல்லில் குனிந்த முதுகுகள் நிமிர்ந்தன, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு பல்புக்காக இழுத்த ரெண்டு ஒயரில் இதெல்லாம் வந்து உட்கார்ந்தது. ஈரத் தரை, மாவு ஒட்டின ஈரக் கை, காலியான மூணாவது ஓட்டை. பலகையை அம்மாக்கள் அவங்களாவே கண்டுபிடிச்சாங்க.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. கடிக்குதுன்னு சொன்னா, சிலர் நியூட்ரல்லேர்ந்து சின்னதா ஒரு ஒயர் எடுத்து எர்த் திருகாணியில கொடுத்துடுவாங்க. ஜம்பர். கடிக்கிறது அன்னைக்கே நின்னுடும். ஆனா வெளியே எங்கேயாவது நியூட்ரல் அறுந்தா, இல்லை கம்பத்தில் வேலை பார்க்கும்போது ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறினா, கிரைண்டர், ஃப்ரிட்ஜ், வாஷிங் மிஷின் எல்லா உடம்புலயும் முழுசா 230 வோல்ட் வந்து நிக்கும். சும்மா காலியா விட்டதைவிட இது மோசம். உங்க வீட்டுல இப்படி இருந்தா, இன்னைக்கே எடுக்கச் சொல்லுங்க.

ஃப்யூஸ் காப்பாத்தாதா?

நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். கணக்கைப் பாருங்க. 1 மில்லியாம்பியர் உடம்பில் போனாலே தெரியும், அம்மா சொல்ற "லேசா கடிக்கும்" அதுதான். பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்ல்ஸ் டால்சியல் தன்னார்வலர்களை வைத்தே சோதித்தார். ஆண்களுக்கு சராசரியாக 16 மில்லியாம்பியரில் கை இறுகிவிடும், பிடித்ததை விடமுடியாது. பெண்களுக்கு 10.5. வீட்டு ஃப்யூஸ் போக 5 ஆம்பியருக்கு மேல் வேணும், அதாவது 5000 மில்லியாம்பியர். ஃப்யூஸ் ஒயரைக் காப்பாத்தும். ஆளைக் காப்பாத்த அதற்குத் தெரியாது.

எங்க ஊருக்கு இதில் தனிக் கஷ்டம். மலையடிவாரம், தோண்டினால் பாறை. பாறை மண் கரண்டை சுலபமாக உள்ளே வாங்காது. எர்த் குழியின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொண்டால், முழு ஃபேஸ் உடம்பில் பட்டாலும் 230ஐ 20ஆல் வகுத்து 11.5 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது. உடம்பு அப்படியே கரண்டோடு நிற்கும்.

இதற்கு விடை டால்சியல் 1961ல் செய்த கருவி. ஃபேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால், எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம், டக்கென்று வெட்டிவிடும். ஐரோப்பாவிலும் அதே காலத்தில் இப்படிக் கருவிகள் வந்தன. இங்கே ஆர்.சி.சி.பி. என்று கேட்டால் கிடைப்பது அந்த வகைதான், வீட்டுக்கு 30 மில்லியாம்பியர் அளவு. இந்திய விதிகளில் இந்தப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியபோது 5 கிலோவாட்டுக்குக் கீழே இருக்கிற இணைப்புகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். எங்க வீடு மாதிரி வீடுகள் எல்லாம் அப்போ அந்த விலக்குக்குள்ளதான் இருந்தன.

சரி, நாமே மாத்தலாமா?

சிட்னியில் இருக்கும் நண்பன் சொன்னான், அங்கே லைசென்ஸ் இல்லாமல் பாயிண்ட் மாத்தினாலே சட்டப்படி தப்பு. நம்ம 1956 விதிகளில் 45ஆவது விதி கொஞ்சம் நியாயமாகப் பேசுகிறது. ஒயரிங் வேலைக்கு உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் வேணும். ஆனால் பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச், ஃபிட்டிங் போன்றதை அதன் திறனும் தன்மையும் மாறாமல் மாத்துவதற்கு விலக்கு. 2010ல் வந்த விதிகளிலும் அதே வாசகம்தான், 2023ல் அவையும் புதுப்பிக்கப்பட்டன. அதாவது 5க்கு 5 மாத்தலாம். 5ஐக் கழட்டிவிட்டு 15 வைக்க நம்ம வேலை இல்லை, பின்னாடி இருக்கிற ஒயர் தாங்காது.

நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

மெயினை அணைத்து, ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கி பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். யாரும் மறந்துபோய் போட்டுவிட முடியாது. அப்புறம் இன்வெர்ட்டரையும் அணைத்தேன். 2012 கரண்ட் கட் காலத்தில் வாங்கின வீடுகள் ஏராளம். மெயினை அணைத்தாலும் அது பாட்டுக்கு கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். டெஸ்டரை அணைப்பதற்கு முன் அதே பாயிண்டில் வைத்து எரிகிறதா என்று பார்த்து, அணைத்தபின் வைத்துப் பார்த்து, முடிவில் பக்கத்து வீட்டு பாயிண்டில் வைத்து டெஸ்டர் உயிரோடு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். சுவிட்ச் ஆஃபில் இருக்கிறது என்று மட்டும் நம்பாதீர்கள். சில வீடுகளில் சுவிட்சை நியூட்ரலில் கொடுத்திருப்பார்கள், ஆஃப் செய்தாலும் ஃபேஸ் அங்கேயே நிற்கும்.

கழட்டுமுன் போனில் ஒரு படம். கருகின ஒயர் நுனியை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டினேன். வெட்டி நீளம் பத்தவில்லை என்றால் இழுத்துக் கட்டக்கூடாது, அங்கேயே நிறுத்திவிட்டு ஒயர்மேனைக் கூப்பிடணும். முன்னாடியிலிருந்து பார்த்தால் எர்த் மேலே, ஃபேஸ் வலது, நியூட்ரல் இடது. பின்னாடி திருப்பினால் இடம் வலம் மாறும், நான் முதலில் தப்பாகத்தான் வைத்தேன். எல், என், ஈ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து மாட்டுங்கள். சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். அமெரிக்காவில் இருக்கிற மக்கள் கவனம், அங்கே கறுப்புதான் ஃபேஸ்! திருகாணியை இறுக்கி, ஒயரை ஒரு இழு இழுத்துப் பாருங்கள். லூசாக இருந்தால் சூடாகும், மறுபடியும் கருகும். கருகின பிளக்கையும் தூக்கிப்போட்டுவிடுங்கள், அது புது பாயிண்டையும் கெடுக்கும்.

அரை மணி நேரத்தில் புது பாயிண்ட் வெள்ளையாக மின்னியது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் உறுத்தல். பார்க்க மூணு ஓட்டை, உள்ளே ரெண்டு ஒயர். "எர்த் வர்ற வரைக்கும் கிரைண்டர் போடாதம்மா" என்றேன். "தீபத்துக்கு வடை வேணாமா?" என்றார்கள். பக்கத்து வீட்டு அத்தை கிரைண்டரில் உளுந்து அரைபட்டது. அங்கேயும் பலகை இருந்தது.

தீபம் முடிந்து ஒயர்மேன் வந்தார். "இத்தனை வருஷம் இல்லாமதானே ஓடுச்சு தம்பி" என்று ஆரம்பித்தார். ஒரு டீ சாப்பிட்டு முடிக்கும்போது ஒத்துக்கொண்டார். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், எப்பவும் ஈரமாக இருக்கும் இடத்தில் குழி. பாறை வந்ததால் ரெண்டு இடம் மாத்தித் தோண்டினார்கள். மெயின் பாக்ஸில் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. சமையக்கட்டுக்குப் பச்சை ஒயரும், இண்டக்‌ஷனுக்குத் தனி லைனில் பெரிய பாயிண்டும். டெஸ்ட் பட்டனை அமுக்கினால் வீடே அணைந்தது, அம்மா பயந்து போனார்கள்.

அம்மா இப்பவும் பலகை மேலேதான் நிக்கிறாங்க. "பழகிடுச்சுடா, இருந்துட்டுப் போகட்டுமே." சரி, இருக்கட்டும்.

டிஸ்கி: நான் எலக்ட்ரீசியன் இல்லை. சந்தேகம் இருந்தால் உரிமம் உள்ளவரைக் கூப்பிடுங்க. டெஸ்டரை எர்த் ஓட்டையில் வச்சு எரியலைன்னா எர்த் இருக்குன்னு அர்த்தம் இல்லை. காலி ஓட்டையிலயும் அது எரியாது. ஒயர்மேன்கிட்ட எர்த்தை மீட்டர் வச்சு அளந்து காட்டச் சொல்லுங்க. ஊருக்குப் போறவங்க, பொங்கலுக்கோ தீபத்துக்கோ, வீட்டுல கிரைண்டர் பக்கத்துல பலகை கிடக்குதான்னு ஒரு தடவை பாருங்க.